கடைமடையில் ஒரு கேஸ் டர்பைன்

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். மன்னார்குடிக்குத் தெற்கே, திருமக்கோட்டை போகிற வழியில் கடை. எங்கள் பக்கத்துத் திருமக்கோட்டை கேஸ் பவர் பிளாண்ட்டால் ஊருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வேலை கிடைத்தவன் வேலை என்பான். நிலம் கொடுத்தவர் பெருமூச்சு விடுவார். டீக்கடையில் அரசியல் வரும். என் பதில் வேறு. அது கடை வாசலில் வந்து இறங்கும் எரிந்த மோட்டாரைப் பார்த்துச் சொல்கிற பதில்.

எரிந்த மோட்டாரைக் கழற்றி மூடியைத் திறந்தால், அது எப்படி எரிந்தது என்று காயிலே சொல்லிவிடும். ஸ்டார் கனெக்‌ஷனில் ஓடிய மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் கரியாகி, மூன்றாவது மட்டும் நேற்றுக் கட்டினது மாதிரி பளபளவென்று இருந்தால், ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டெல்டா கனெக்‌ஷன் என்றால் தலைகீழ். ஒரு பேஸ் மட்டும் கருகும், மற்ற இரண்டும் தப்பிக்கும். காயில் உட்காரும் பள்ளத்தை ஸ்லாட் என்போம்; ஏதோ ஒரு ஸ்லாட்டில் மட்டும் வெடித்துச் செம்பு உருகித் திரண்டிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லையென்றால் கட்டினவன் கை சரியில்லை. மூன்று பேஸும் ஒரே சீராகக் கறுத்து, ஸ்லாட் பேப்பர் தொட்டவுடன் பொடிந்து, கடை முழுக்க அந்தத் தீய்ந்த வார்னிஷ் வாடை வந்தால் அது ஓவர்லோடு. பம்பு கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, பேரிங்கும் சரி என்றால் பாக்கி இருப்பது ஒன்றுதான்: லோ வோல்டேஜ்.

லோ வோல்டேஜ் என்றால் கரண்ட் கம்மி, கம்மியாக வந்தால் மோட்டார் ஏன் எரியணும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வேலை குறையவில்லையே. அதே ஆழம், அதே தண்ணீர். 415 வோல்ட்டில் செய்ய வேண்டிய வேலையை 320 வோல்ட்டில் செய்யச் சொன்னால், குறைகிற வோல்டேஜுக்கு ஈடாக ஆம்பியரை அதிகம் இழுக்கும். சூடோ ஆம்பியரின் இருமடிக்கு ஏறும். ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்கு. காயில் எத்தனை நாள் தாங்கும்?

அந்த மூன்றாவது வகை மோட்டார்கள், சீராகக் கறுத்தவை, ஒரு காலத்தில் என் கடையில் அதிகமாக வந்தன. அப்புறம் குறைந்தன. நடுவில் சில நாட்கள் மறுபடி திடீரென்று கூடும். ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று யோசிக்கப்போய்த்தான் இந்த பிளாண்ட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம்.

பேர் கோவில்களப்பால் எரிவாயுச் சுழலி மின் நிலையம். இருப்பது திருமக்கோட்டையில். களப்பால் என்றால் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களுக்குக் களப்பால் குப்பு நினைவுக்கு வருவார். கோயில்காரர்களுக்குக் கூற்றுவ நாயனார். எங்களுக்கு கேஸ் கிணறு. அந்தப் பக்கத்து வயல்களில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் கேஸை நம்பி, அப்போதைய மின்சார வாரியம் கட்டிய நிலையம் இது. 2001ல் உற்பத்திக்கு வந்தது. மொத்தம் 107.88 மெகாவாட். வடசென்னையிலும் மேட்டூரிலும் நிலக்கரியில் ஓடும் 600 மெகாவாட் மிஷின்கள் இருக்கின்றன. அதோடு பார்த்தால் இது சின்னப் பிள்ளை. ஆனால் 5 எச்.பி. மோட்டார் ஒன்று நாலு, நாலரை கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், முழு லோடில் ஓடும்போது ஒரே நேரத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் பம்ப்செட்டை ஓட்டும். என் தொழிலுக்கு அது பெரிய பிளாண்ட்தான்.

காவிரி டெல்டாவில் இது ஒன்றுதான் என்றில்லை. நரிமணத்தில் வாரியம் வைத்திருந்த 10 மெகாவாட் குட்டி டர்பைன் இதற்கெல்லாம் முந்தியது. குத்தாலம் பக்கம் மருத்தூரில் 101 மெகாவாட் நிலையம் இருக்கிறது. காரைக்கால் எல்லையில் திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசு 32.5 மெகாவாட்டில் ஒன்று வைத்திருக்கிறது. காரைக்கால் ஒரு சின்னப் பிராந்தியம் என்பதால் அந்த அளவே அவர்களுக்குப் பெரிய தெம்பு. எல்லாமே கிணற்றடியிலேயே கட்டின நிலையங்கள். இந்தக் கேஸை வெகுதூரம் குழாய் போட்டு எடுத்துப்போகும் அளவுக்குக் கிணறுகள் பெரிசில்லை; சிதறிக் கிடக்கின்றன. அதனால் கேஸ் இருக்கும் இடத்துக்கே டர்பைனைக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை என் மச்சான்தான் எனக்குப் புரியவைத்தான். ஒப்பந்த வேலையில் அங்கே இருந்தவன். காற்றை உள்ளே இழுத்து அழுத்தி, அதில் கேஸை விட்டு எரித்து, வரும் சூடான வாயு டர்பைனைச் சுற்றும். கொதிக்கவைக்க தண்ணீர் கிடையாது, கரி கிடையாது, சாம்பல் கிடையாது. சுற்றிவிட்டு வெளியே வருகிற புகை அப்போதும் 500 டிகிரிக்கு மேல் இருக்கும். அதை அப்படியே வானத்தில் விட்டால், எரித்த கேஸில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கரண்ட் கிடைத்திருக்கும். விடுவதில்லை. அந்தப் புகையை ஒரு பாய்லருக்குள் அனுப்பித் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியில் இரண்டாவதாக ஒரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கேஸ் டர்பைனில், ஒரு பங்கு ஸ்டீம் டர்பைனில். இந்த இரண்டாவது டர்பைனுக்குத் தனியாக ஒரு பொட்டு கேஸ் செலவில்லை. மச்சான் இதைச் சொல்லும்போது ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம் வரும்.

ஒரு கன மீட்டர் கேஸ் எரித்தால் இப்படி நாலு, நாலரை யூனிட் கிடைக்கும். அதாவது 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட, தோராயமாக ஒரு கன மீட்டர் கேஸ். இந்தக் கணக்கை நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. ஒரு மாமா, நடவுக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி முழுக்க மோட்டார் போடுகிறவர், கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம வூட்டு சிலிண்டர் கேஸ எரிச்சுத்தான் எனக்குத் தண்ணி வருதுங்கிற." இல்லை மாமா, அது வேறு. சிலிண்டரில் வருவது எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைக்கும் புரோப்பேன், பியூட்டேன். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். கிணற்றிலிருந்து வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே போய்விடும். "மீத்தேனா?" என்றார் அவர், குரலே மாறிவிட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் வோல்டேஜ்.

லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ரிட்டயரான அண்ணன் ஒருவர் சாயங்காலம் கடைக்கு வந்து உட்காருவார். பேப்பர் படிப்பார், நான் காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கையைக் குலைக்கிற மாதிரி பேச்சுக் கொடுப்பார். ஏன் சில வாரம் மோட்டார் கூட வருகிறது என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான் வோல்டேஜும். தலைமடையில் கரை தொட ஓடும். வழியில் மடைக்கு மடை வாங்க வாங்க, கடைமடைக்கு வரும்போது பாசி ஈரம்தான் மிச்சம். நெய்வேலியிலிருந்தோ திருச்சிப் பக்கத்திலிருந்தோ நீளமான லைனில் வருகிற கரண்டுக்கு நாம் கடைமடை. எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடும். திருமக்கோட்டையில் டர்பைன் ஓடுவது கடைமடையிலேயே ஒரு போர் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குச் சமம்.

நான் விடவில்லை. சப்ஸ்டேஷனில்தான் வோல்டேஜை ஏற்றி இறக்க டாப் சேஞ்சர் இருக்கிறதே, அது சரிசெய்யாதா என்றேன். "சரிபண்ணும். ஆனா அதுக்கும் ஒரு கடைசிப் படி இருக்குல்ல" என்றார். 110 கிலோவோல்ட் லைனிலேயே வோல்டேஜ் ரொம்பக் குறைந்துவிட்டால், டாப்பைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய் வைத்தும் 11 கிலோவோல்ட் பக்கம் பற்றாது. அதற்கப்புறம் ஆபரேட்டர் கையில் ஒன்றும் இல்லை. ஜூன், ஜூலையில் மேட்டூர் தண்ணீர் வராத வருஷம், பம்ப்செட்டை நம்பிக் குறுவை போட்டவர்கள் எல்லோரும் மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கிற ராத்திரி, இந்த நிலைமை வரும்.

இன்னொன்றும் சொன்னார். மோட்டார் வேலை செய்ய எடுக்கும் கரண்டோடு, தனக்குள் காந்தம் உண்டாக்கவும் ஒரு கரண்ட் எடுக்கும். அது மீட்டரில் யூனிட்டாக ஏறாது; ஆனால் கம்பியில் இடத்தைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜை இழுத்துவிடும். பம்ப்செட் மட்டுமே நிறைந்த எங்கள் மாதிரி இடத்தில் இந்தப் பாரம் அதிகம். பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர் ஓடினால் அந்தக் கரண்டையும் அதுவே கொடுத்துவிடும், தூரத்திலிருந்து இழுக்க வேண்டியதில்லை. விவசாய சர்வீஸுக்கெல்லாம் கெப்பாசிட்டர் போடச் சொல்வது இதற்காகத்தான். போட்டவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கடையில் மெயின் போர்டில் மூன்று பேஸுக்கும் செலக்டரோடு ஒரு பழைய முள் வோல்ட்மீட்டர் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதைப் பார்ப்பேன். முள் 400க்குப் பக்கத்தில் நின்றால் நிம்மதி. 350க்குக் கீழே ஆடினால் மச்சானுக்குப் போன் போடுவேன்.

"மச்சான், ஓடுதா?"

"கேஸ் கம்மியாத்தான் வருது மச்சான். பாதி லோடுதான்."

எப்போதும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். சில நாள் பிளாண்ட் முழுசாக ஓடும், எங்கள் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய் வோல்டேஜ் அடிவாங்கியிருக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வயலுக்கு நீளநீளமாக இழுத்த எல்.டி. கம்பியில், அதாவது 415 வோல்ட் கம்பியில், விழுகிற வோல்டேஜை எந்த பிளாண்ட்டும் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு பகுதி முழுக்க, ஒரே வாரத்தில், சீராகக் கறுத்த மோட்டார்களாக வந்து விழும்போது பிளாண்ட் நின்றிருக்கும், இல்லை குறைந்திருக்கும். பல தடவை பார்த்துவிட்டேன்.

முழு லோடில் ஓட நாளொன்றுக்கு ஐந்தரை, ஆறு லட்சம் கன மீட்டர் கேஸ் வேண்டும். அப்படி ஓடினால் நாளைக்குக் கிட்டத்தட்ட 26 லட்சம் யூனிட். பிரச்சினை என்னவென்றால் கிணறு வயதாக ஆக அழுத்தம் இறங்கும். புதுசாகக் கிணறு சேராவிட்டால் வரத்துக் குறைந்துகொண்டே போகும். டெல்டாவின் கேஸ் நிலையங்கள் பலவும் கேஸ் போதாமல் குறைந்த லோடில் ஓடியவைதான்.

2012ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. கரண்ட்டும் இல்லை. ஊர்ப்பக்கம் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் கட். காற்றாலை ஓடுகிற வரை ஓரளவு தாக்குப்பிடித்தது. காற்று சீசன் முடிந்ததும் மாநிலமே இருட்டில் உட்கார்ந்தது. வடக்கே வாங்கலாம் என்றால் கொண்டுவரக் கம்பி போதாது. தென் மாநில கிரிட் அப்போது மற்ற இந்தியாவோடு முழுசாகச் சேரவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து அது சேர்ந்தது 2013 டிசம்பர் 31ல்.

டீக்கடையில் அப்போது தினமும் ஒரே பேச்சு. "நம்ம ஊரு கேஸு, நம்ம ஊரு பிளாண்ட்டு. நமக்கே கட்டா? ஒரு சுவிட்சப் போட்டு இங்கயே விடமுடியாதா?" கேட்கும்போது நியாயமாகத்தான் படும். விடமுடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தனியாக ஒரு டர்பைனை நாலு ஊருக்கு மட்டும் ஓட்டினால், அந்த நாலு ஊர் எடுக்கும் லோடும் அது கொடுக்கும் கரண்டும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். ஒரே நேரத்தில் நூறு மோட்டார் நின்றால் டர்பைன் வேகமெடுக்கும், நூறு மோட்டார் கிளம்பினால் திணறும், 50 ஹெர்ட்ஸ் தப்பும், உடனே டிரிப் ஆகும். கிரிட்டோடு சேர்ந்திருந்தால் அந்த ஆட்டத்தை கிரிட் முழுக்க ஓடும் மிஷின்கள் பங்குபோட்டுத் தாங்கும். அதனால் கணக்குப்படி இங்கே பிறந்த யூனிட் மாநிலத்துக்குப் பொது; நமக்கென்று எழுதிவைத்த பங்கு கிடையாது.

ஆனால் கணக்குப்படி வேறு, கம்பிப்படி வேறு. கரண்ட்டுக்கு ஊர் எல்லை தெரியாது, பக்கத்து லோடுதான் தெரியும். திருமக்கோட்டையில் ஓடுகிற மிஷினின் கரண்ட் பக்கத்து சப்ஸ்டேஷன்களில் கரைந்தது போகத்தான் மிச்சம் வெளியே போகும். என் கடை லேத் ஓடுவதும், எதிர்வீட்டு மிக்ஸி ஓடுவதும் பெரும்பாலும் அதில்தான். கட் நேரத்தில் நமக்குச் சலுகை இல்லை. கரண்ட் இருக்கும் நேரத்தில் வோல்டேஜ் இருந்தது. டீக்கடையில் இதைச் சொன்னபோது, "கரண்டே இல்லங்கிறேன், இவன் வோல்டேஜுங்கிறான்" என்று ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷம் என் கடையில் வேலை எக்கச்சக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று பேஸ் கொடுக்கும் நேரம் குறைந்ததும், பலர் இரண்டு பேஸில் கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டினார்கள். செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், நாற்று காய்ந்துகொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்? இருக்கிற இரண்டு பேஸையும் அது இன்னும் கீழே இழுத்தது. ஒருவர் மோட்டாரைக் கட்டிக் கொடுத்த கையோடு அதே வாரம் திரும்பவும் கொண்டுவந்து இறக்கினார். "ஏப்பா, போன வாரந்தான கட்டிக் குடுத்த?" ஆமாம் மாமா, நான்தான் கட்டினேன். எரித்தது நீங்கள். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாதிக் கூலிக்குக் கட்டிக் கொடுத்தேன்.

மீத்தேனுக்கு வருகிறேன். 2010ல் மன்னார்குடிப் பக்கத்து நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு திட்டம் வந்து, ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது எல்லோருக்கும் தெரியும். நம்மாழ்வார் ஐயா கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். 2013 டிசம்பர் 30ல் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் காலமானார். அப்புறம் நெடுவாசல், 2017ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து நடந்த போராட்டம், கடைசியில் 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம். அந்தச் சட்டம் புதுக் கிணறுகளைத் தடுக்கிறது, ஏற்கெனவே நடக்கும் வேலைகளை நிறுத்தவில்லை. நிலக்கரிக்குள் ஒட்டிக் கிடக்கும் மீத்தேனை எடுக்க முதலில் நிலத்தடித் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். அதனால்தான் பயம் அதிகம். திருமக்கோட்டைக்கு வருவது அந்த வகை இல்லை, ஆழத்தில் பாறைக்குள் அழுத்தத்தோடு இருக்கும் கேஸ், தானாக மேலே வரும். எரியும் பொருள் என்னவோ ஒன்றுதான்.

என் கடைக்கு வருகிறவர்களில் போராட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, கிணற்றுக்கு நிலத்தைக் குத்தகை விட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு பேர் மோட்டாரும் ஒரே மாதிரி எரிந்திருக்கும். நான் மனிதச் சங்கிலிக்குப் போனவன். புதுக் கிணறு வேண்டாம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் கெட்டுப்போனால் பம்ப்செட்டும் இல்லை, நானும் இல்லை. ஆனால் இருக்கிற கிணற்றில் வருகிற கேஸைக் கிணற்று வாயிலேயே எரித்து வீணாக்காமல், டர்பைனில் எரித்தால் எங்கள் காயில் ஆயுசு கூடும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி எங்கள் பக்கம் வழியாகத்தான் போனது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்தது என்று அரசே சொன்னது. நூறு மெகாவாட் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பைசாவுக்குப் பிரயோசனமில்லை, வீட்டுக்கு வரக் கம்பி இல்லை. அந்த நாட்களில் ஊரில் பெரிய மனுஷன் வாடகை டீசல் ஜெனரேட்டர்காரன். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான், மேல்நிலைத் தொட்டி மோட்டாரில் மாட்டி ஒரு தொட்டி நிரப்புவான், அப்படியே நீளமான பலகையில் பத்திருபது செல்போன் சார்ஜ் ஏறும், அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவான். நானும் அவனிடம்தான் கரண்ட் வாங்கினேன். நனைந்த மோனோபிளாக் மோட்டார்கள் கடையில் வரிசைகட்டி நின்றன. அவற்றைக் கழற்றி, பழைய டிரம்முக்குள் வைத்து, 200 வாட் பல்புகளை எரியவிட்டு உலர்த்தி, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்து, முள் ஏறினால் வார்னிஷ் விட்டுத் திருப்பிக் கொடுப்பது. முள் ஏறாதது புதுக் காயில். கம்பம் நட வெளி மாவட்டத்து ஆட்கள், கேரளாவிலிருந்துகூட வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துச் சோறு போட்டோம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த அன்று பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

டர்பைனைப் பற்றி அந்த நேரத்தில் அண்ணனிடம் கேட்டேன். கரண்ட் கொடுக்கிற மிஷின்தானே, கிரிட் போனாலும் தானாகக் கிளம்பாதா? கிளம்பாதாம். நின்ற கேஸ் டர்பைனை முதலில் வேறொரு சக்தி சுற்றிவிட வேண்டும். காற்றை அழுத்தும் வேகம் வந்தபிறகுதான் கேஸ் விட்டுப் பற்றவைக்க முடியும். அந்த முதல் சுற்றுக்கே கரண்ட் வேண்டும். ஆனால் ஒன்று, கரி பாய்லர் மாதிரி மணிக்கணக்கில் காயவைக்க வேண்டியதில்லை. கேஸ் டர்பைன் அரை மணிக்குள் லோடு எடுத்துவிடும். ஸ்டீம் பக்கம்தான் சூடேற நேரம் பிடிக்கும்.

இந்த வேகம்தான் இனிமேல் இதற்கு மதிப்பு என்று அண்ணன் சொல்கிறார். இப்போது பகலில் சோலார் நிறைய வருகிறது. எங்கள் பக்கமே சிலர் அரசு மானியத்தில் சோலார் பம்பு போட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பகல் வோல்டேஜைப் பற்றி அக்கறையில்லை. அந்த மோட்டார் என் கடைக்கு எரிந்து வந்தது கிடையாது, கன்ட்ரோலர் போர்டு போய்த்தான் வரும், அது என் கைக்கு அடங்காத வேலை. ஆனால் பொழுது சாய்ந்ததும் சோலார் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கும், வீட்டு லைட்டும் டிவியும் ஒரே நேரத்தில் ஏறும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை என் வோல்ட்மீட்டர் முள் இப்போதும் தொங்குகிறது. கொஞ்சமாக வருகிற கேஸை நாள் முழுக்கப் பாதி லோடில் எரிப்பதா, சாயங்காலத்துக்கு வைத்து எரிப்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. கேஸைக் குழாயில் சேர்த்துவைப்பது அவ்வளவு லேசில்லை, மிஷினை அடிக்கடி ஏற்றி இறக்கினால் பிளேடு சீக்கிரம் தேயும் என்று மச்சான் மறுக்கிறான். இந்தச் சண்டை எங்கள் வீட்டு விசேஷங்களில் வருஷக்கணக்காக நடக்கிறது.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். படித்துவிட்டு ஊரோடு விவசாயத்துக்குத் திரும்பியவன். புது மோட்டார் வாங்கணும் அண்ணே, எது வாங்கலாம் என்றான். கோயம்புத்தூர் கம்பெனிகள் வைட் வோல்டேஜ் என்று எழுதி விற்கும் மோட்டாரை வாங்கு என்றேன். 300க்கும் தாங்கும்படி காயில் அமைத்திருப்பார்கள், விலை கொஞ்சம் கூட. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குச் சரியாக வை, டிரிப் ஆகுதென்று மேலே ஏற்றிவைக்காதே. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் கட்டாயம். அப்புறம் ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் எழுதிக்கொண்டான்.

"பிளாண்ட் பக்கத்துலதான இருக்கு, இவ்வளவும் வேணுமா அண்ணே?" என்றான்.

"அது ஓடுற அன்னிக்கு வேண்டாம்" என்றேன். எழுதினதில் கெப்பாசிட்டரை மட்டும் அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் வாங்கிக்கொண்டு போனான்.